மொதல்ல பெயிண்ட்டை அடிச்சுரு, மாப்ளே!

வா மாப்ளே, அந்தக் கட்டல்ல உக்காரு. லேத்து வாங்கிட்டயாமா? உன்ற அம்மா சந்தையில என்னையப் பாத்து, "அண்ணா, பையன் சீமை மெஷினு வாங்கிட்டு வந்துருக்கறானுங்"ன்னு சொல்றப்ப அவ மொகத்துல இருந்த பெருமையப் பாத்துட்டு நானும் வாயத் தொறக்கலே. நீ எஞ்சினீயருக்குப் படிச்சவன். நானு எட்டாங்கிளாஸோட கணபதியில ஒரு லேத்துப் பட்டறையில கூட்டிப் பெருக்கறதுக்குச் சேந்தவன். நான் என்னத்தக் கண்டேன்?

ஆமா, சீமை மெஷினுன்னு ஆரு சொன்னா? பழைய இரும்புக் கடைக்காரரு சொன்னாரா? அப்பச் சரியாத்தான் இருக்கும். கிலோக் கணக்குல விக்கற மனுசன் எதுக்குப் பொய் சொல்லப் போறாரு.

எங்க, செல்போனைக் காட்டு. அட, நெம்ப நல்லா இருக்குது. துரு, துருவுக்கு மேல எண்ணெய்ப் பிசுக்கு, அதுக்கு மேல பச்சை, அதுக்கு மேல சாம்பல் கலரு. நாலஞ்சு மொதலாளி கை மாறிருக்குது. ஆளுக்கொரு டப்பாப் பெயிண்ட்டு ஊத்திருக்கறாங்க. என்ற யோசனையக் கேட்டா, நீயும் மொதல்ல பெயிண்ட்டை அடிச்சுரு. எண்ணெய் ஓட்டை, வீல் பல்லு, டயல்ல இருக்கற கோடு எதையும் பாக்காதே, எல்லாத்து மேலயும் தாராளமா அடி. முன்னால கையக் கட்டிட்டு நின்னு ஒரு போட்டோ. வர்ற ஒறம்பரைக எல்லாம் "புது மெஷினாட்டவே இருக்குதே"ம்பாங்க. அத்தோட நிறுத்திக்கிட்டயின்னா உனக்கும் நிம்மதி, லேத்துக்கும் நிம்மதி. தேய்மானம் எந்தப் போட்டோவுலயும் விழுகாது.

என்னது, அதுல வேலை செய்யப் போறயா? இரும்பு கடையப் போறயா? கெரகமே. அப்பச் செத்த நேரம் கேட்டுட்டுப் போ.

ஆறடி லேத்துங்கறே. ஆறடி ராடு கடையலாம்னு கணக்குப் போட்டு வெச்சுருக்கறயா? நம்மூர்ல பெட்டு நீளத்தைச் சொல்லித்தான் லேத்து விக்கறது. அந்த ஆறடியில ஒரு கோடியில ஹெட் ஸ்டாக்கு உக்காந்துக்கும், மறு கோடியில டெயில் ஸ்டாக்கு உக்காந்துக்கும். ரெண்டு சென்டருக்கு நடுவுல உனக்கு மிஞ்சறது மூணேகால் அடி பக்கம். இங்கிலீஷ்காரங்க பெட்டுல இருந்து சென்டரு எவ்வளவு உசரம்னு சொல்லுவாங்க. அமெரிக்காக்காரங்க பெட்டுல இடிக்காம எவ்வளவு பெரிய விட்டம் சுத்தும்னு சொல்லுவாங்க. நாட்டிங்ஹாம் பக்கத்துல பீஸ்டன்ல செஞ்ச மைஃபோர்டு எம்.எல்.7, 3½ இஞ்சு லேத்து. இண்டியானாவுல சவுத் பெண்டுக்காரங்க செஞ்ச சின்ன லேத்து 9 இஞ்சு. பேப்பர்ல படிக்கறவன் இது அதைய விட ரெண்டரை மடங்கு பெரிசுன்னு நெனச்சுக்குவான். 3½-ஐ ரெண்டால பெருக்கிப் பாரு, 7 வருது. வித்தியாசமே ரெண்டு இஞ்சுதான். ஆகவே எவனாச்சும் "எத்தனை இஞ்சு?"ன்னு கேட்டா, "எந்த ஊர்க் கணக்குல?"ன்னு திருப்பிக் கேளு. வெவரமானவன்னு நெனச்சுக்குவாங்க, நெசம் வேற மாதிரி இருந்தாலும்.

சரி, ஆரு செஞ்ச மெஷினு? பேர்த் தகடு இருந்த எடத்துல ரெண்டு ரிவிட்டு ஓட்டை மட்டும் இருக்குது. தகடு பித்தளையில இருந்துருக்கும், பித்தளை வெலைக்கே தனியாப் போயிருக்கும். ஆனா பெட்டுக்கு உள்பக்கம் ஒரு நெம்பரு புடைச்சுட்டு இருக்குதுன்னு சொல்றே. அதைய வெச்சே வருசத்தைக் கண்டுபுடிச்சுட்டேங்கறே. சபாஷ். மாப்ளே, புடைச்சுட்டு இருக்கற நெம்பரு வார்ப்படத்துல மரப் பேட்டர்ன்ல இருந்து வர்றது. அது அந்தப் பாகத்தோட நெம்பரு. அந்த மாடல்ல எத்தனை பெட்டு வாத்தாங்களோ அத்தனையிலயும் அதேதான் இருக்கும். மெஷினோட சொந்த நெம்பரு வேணும்னா உளியெழுத்துல குத்தினதைத் தேடோணும். டெயில் ஸ்டாக்குக் கோடியில, பெட்டு மேல் மொகத்துல சீமெண்ணெய்த் துணி வெச்சுத் தொடச்சுப் பாரு. சவுத் பெண்டுக்காரங்க அங்கதான் குத்துவாங்க. மத்தவங்க பல பேரும் அப்படித்தான். கெடைக்கலீன்னா ஹெட் ஸ்டாக்கு அடியில, சாடில்ல, டெயில் ஸ்டாக்குல எல்லாம் ஒரே சின்ன நெம்பரு குத்திருக்குதான்னு பாரு. அந்தப் பெட்டுக்குன்னே ஃபிட்டரு சுரண்டி உக்கார வெச்ச சாமானுக்கெல்லாம் ஒரே அடையாளம் குத்தி வெக்கறது வழக்கம். டெயில் ஸ்டாக்குல மட்டும் வேற நெம்பரு இருந்துச்சுன்னா, அது வேற ஊட்டுல இருந்து வாக்கப்பட்டு வந்தது. சென்டரு உசரம் ஒத்துப் போகாது.

லீட் ஸ்க்ரூ மேல ஸ்கேலை வெச்சு எண்ணினயா? இஞ்சுக்கு 4 மரை வருதா? நல்லது, இஞ்சு மெஷினு. உடனே "பாத்தீங்களா மாமா, இங்கிலாந்து!"ன்னு குதிக்காதே. 1957-ல நயா பைசா வந்து மில்லிமீட்டரும் வந்ததுக்கு அப்பறமும் நம்ம நாட்டுப் பட்டறைக வருசக் கணக்கா இஞ்சு ஸ்க்ரூதான் போட்டுட்டு இருந்தாங்க. ஹரிஹர்ல 1941-ல இருந்து மைசூர் கிர்லோஸ்கர், பெங்களூர்ல 1953-ல ஆரம்பிச்ச எச்.எம்.டி., இங்க பீளமேட்டுல பி.எஸ்.ஜி., பஞ்சாப்புல பட்டாலாவுல தெருவுக்குத் தெரு ஒரு லேத்துக் கம்பெனி, ராஜ்கோட்டுல இன்னொரு கூட்டம். இங்கிலீஷ் மெஷினு ஒண்ணை முன்னால நிறுத்தி, பாத்துப் பாத்து பேட்டர்ன் செஞ்சு வாத்தவங்க எத்தனையோ பேரு. ஒரு சில காப்பியில அச்சலு மெஷினோட கோளாறு கூட மாறாம வந்துருக்கும்.

மாத்து வீலை எடுத்து அளந்து பாரு. பல்லை எண்ணி, அதோட ரெண்டைக் கூட்டிக்கோ. வெளிவிட்டத்தை இஞ்சுல அளந்து, அதால வகுத்தா டி.பி., அதாவது டயமெட்ரல் பிட்ச் வரும். 40 பல்லு, 2.1 இஞ்சு விட்டம்னா 42-ஐ 2.1-ஆல வகு, 20 டி.பி. மில்லியில அளக்கறதுன்னா விட்டத்தைப் பல்லும் ரெண்டும் சேந்ததுல வகுத்தா மாடூல். அதே வீலை அப்படி அளந்தா 53.34-ஐ 42-ஆல வகுத்து 1.27 வரும். இங்கதான் படிச்சவங்க வழுக்கறது. 1.27-ன்னு வந்ததும் "தேய்மானம் இருக்கும், 1.25 மாடூல்"னு எழுதிக்குவாங்க. 1.25 மாடூல்ல 40 பல்லு வீலு வாங்கி வந்து இதோட கோத்தா உக்காரும், ஓடவும் ஓடும். ரெண்டு தெரு தாண்டி நாய் ஊளையிடற அளவுக்குச் சத்தமும் போடும்.

எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தா, உன்ற சீமை மெஷினு பீளமேட்டுக்கு அக்கட்ட போனதே இல்லைன்னு எனக்குப் படுது. மூஞ்சியத் தொங்கப் போடாதே. நாடு முழுக்கக் கெணத்துத் தண்ணிய மேல ஏத்தின பம்புக எத்தனையோ இந்த மாதிரி லேத்துலதான் கடைஞ்சது. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே. அவ சீமைன்னே நெனச்சுட்டு இருக்கட்டும்.

சாக்குல ஒரு மூட்டை சாமான் குடுத்தானே, அதைய என்ன பண்ணுனே? வட்டமா, கனமா, நாலு நீளக் கீறல் விட்ட தட்டு ஒண்ணு இருக்குமே. அதைய டீ ஸ்டூலுக்கு மேல போடலாம்னு வெச்சுருக்கறயா? அது ஃபேஸ் பிளேட்டு. சக்குல புடிக்க முடியாத கோணங்கி வார்ப்பை எல்லாம் அதுல போல்ட்டு போட்டுக் கட்டித்தான் கடையறது. ஒத்தைப் போல்ட்டோட வளைஞ்ச கொம்பு ஒண்ணு இருக்குதே, அது டாக். ரெண்டு சென்டருக்கு நடுவுல ராடைப் போட்டுக் கடையறப்ப அதைய இழுத்துச் சுத்தறது அதுதான். மூணு விரல் நீட்டின வளையம் ஸ்டெடி. பெட்டு மேல உக்காந்து நீள ராடு ஆடாமப் புடிச்சுக்கும். ரெண்டு விரலோட சாடில் மேல உக்காந்து டூலு பின்னாலயே போறது ஃபாலோயர். கன்மெட்டல்ல ரெண்டு துண்டு, உள்ள மரையோட, ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்குதா? ஆஃப் நட்டு. மரை தேஞ்சு கத்தி மொனையாட்டம் ஆயிருந்துச்சுன்னா புதுசு செய்யோணும். பல்லு வீலோட ஒரு சின்ன கடியாரமாட்டம் இருக்கறதை உன்ற தம்பி வெளையாட எடுத்துட்டுப் போயிட்டானா? ஓடிப் போயி வாங்கிட்டு வா. மரை வெட்டறப்ப ஆஃப் நட்டை எப்பப் போடறதுன்னு சொல்றது அதுதான். ஊறுகாய்ச் சாடி மேல உன்ற அம்மா வெச்சுருக்கற ரோதையையும் எடுத்துட்டு வா. அது மாத்து வீலு.

அப்பறம், நாலு ஜா சக்கு ஒண்ணு இருக்குதுன்னயே. சாவி போட்டுத் திருப்பினா நாலும் ஒண்ணாச் சேந்து வராம ஒண்ணொண்ணாத் தனித்தனியா நகருதுன்னு சொன்னே. கோளாறுதான் மாப்ளே, பெரிய கோளாறு. அதைய ஓரமா வெய்யி, கடைசியில பேசலாம்.

பிரிக்கறதுக்கு வருவோம். சுத்தியும் ஸ்பேனரும் கையில எடுக்கறப்ப ஒரு வேகம் வரும். அந்த வேகத்துல போயி ஒரு காப்பி குடிச்சுட்டு வா. லேத்துல பின்னுன்னு பாக்கறதுல பாதி டேப்பர் பின்னு. ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து இருக்கும். பெருத்த பக்கம் நின்னு சுத்தியில சாத்தினா அது இன்னும் நல்லா உக்காந்துக்கும். வெர்னியரை எடுத்து ரெண்டு பக்கமும் அளந்து, சிறுத்த பக்கத்துல இருந்து தட்டோணும். கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூ பல மெஷினுல இடது மரை. கைப்புடிய வலப்பக்கம் சுத்தினா டூலு உள்ள போகோணும்ல, அதுக்காக. அந்த நட்டை வழக்கம் போலக் கழட்டறேன்னு நீ முறுக்க முறுக்க அது இறுகும். நீ ஒரு அடி பைப்பை மாட்டி இன்னும் முறுக்குவே. பின்ன என்னையக் கூப்புடுவே.

சக்கு வரமாட்டேங்குதா? ஸ்பிண்டில் மூக்குல மரை போட்டு மாட்டின பழைய சக்கு வருசக் கணக்கா இறுகித்தான் கெடக்கும். அப்ப ஒரு புத்திசாலித்தனமான யோசனை வரும். பேக் கியரைப் போட்டு, முன் வீல் பின்னையும் போட்டா ஸ்பிண்டில் அசையாமப் பூட்டிக்குது, இப்ப ஓங்கி அடிக்கலாம்னு. வராத ஆளே இல்லே இந்த யோசனை. சக்கு வரும், கூடவே ரெண்டு பல்லும் வரும். பழைய லேத்துல பேக் கியர்ல பல்லு ஒடைஞ்சு, வெல்டு வெச்சு, அரத்துல ராவின தழும்பு இருக்குதான்னு பாரு; இருந்தா முன்னால ஒரு புத்திசாலி இருந்துருக்கறான்னு அர்த்தம். ஊடுருவற எண்ணெய் விட்டு ராத்திரி பூராவும் ஊற வெய்யி. பெட்டு மேல ஒரு மரக்கட்டைய வெச்சு, ஒரு ஜாவை அது மேல முட்டக் குடுத்து, பெல்ட்டைக் கையில புடிச்சுத் திருப்பிச் சுத்து. பட்டுன்னு விட்டுரும். மோட்டாரைப் போட்டுச் சுத்தாதே. சக்கு பெட்டுல விழுகறதுக்கு அடியில பலகை போட மறந்துருப்பே, அதையும் இப்பவே போட்டுக்கோ.

ஹெட் ஸ்டாக்கு மூடியக் கழட்டறப்ப பேரிங்கு இடுக்குல தாளாட்டம் மெல்லிசாத் தகடு இருந்துச்சுன்னா அது குப்பையல்ல. அது ஷிம். இக்கட்ட இத்தனை, அக்கட்ட இத்தனைன்னு பழைய ஃபிட்டரு தேய்மானம் பாத்து உருவி உருவி வெச்சது. எந்தப் பக்கத்துது, எத்தனைன்னு எழுதிக் கட்டி வெய்யி. எண்ணெய் ஓட்டைகளைக் குச்சி விட்டுப் பாரு. எண்ணெய் போக வேண்டிய எடத்துல ஒரு புண்ணியவான் கிரீஸ் அடிச்சுருப்பான். அது உள்ள போயி மெழுகா எறுகி, திரியையும் அடைச்சு, அதுக்கப்பறம் ஊத்தின எண்ணெய் எல்லாம் வெளியில வழிஞ்சு தரைய மட்டும் நல்லா வழவழப்பா வெச்சுருக்கும். பேரிங்கு போனதுக்கு வயசு காரணமல்ல மாப்ளே, அந்தக் கிரீஸ்தான்.

துருவுக்கு என்ன பண்ணப் போறே? கிரைண்டர்ல கம்பி பிரஷ்ஷை மாட்டி பெட்டை மினுமினுன்னு ஆக்கப் போறயா? போட்டோவுக்கு எடுப்பா இருக்கும். ஃபிட்டரு சுரண்டின தடம் அங்கங்க மிச்சமிருக்கும், அதைய நல்லாத் தேச்சு அழிச்சுரு. எமரித் தாளும் போட்டயின்னா அந்தப் பொடி வார்ப்புல போயி ஒளிஞ்சு, சாடில் போக வர உள்ளயே அரச்சுட்டு இருக்கும். வேண்டாமா? அப்பச் சீமெண்ணெய், பிளேடு, ஆயில் ஸ்டோன், பொறுமை. பழைய பெயிண்ட்டுல ஈயம் இருக்கலாம். காஞ்சதை ராவித் தூசியாக்கி மூக்குல ஏத்தாதே, நனைச்சுச் சுரண்டு.

சின்னச் சின்ன இரும்புச் சாமானுக்கு ஆலையில இருந்து மொலாசஸ் கெடைச்சா வாங்கிக்கோ. ஒரு பங்குக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து, டிரம்முல போட்டு பொடக்காளியில மூடி வெய்யி. வாரக் கணக்காகும். நாத்தம் குடலைப் புடுங்கும். ஆனா துருவை மட்டும் தின்னுட்டு இரும்பை விட்டுரும். அலுமினியம், துத்தநாகம் கலந்த சாமானு அதுக்குள்ள போகக் கூடாது. அவசரக்காரனா இருந்தா சலவை சோடாவைத் தண்ணியில கரைச்சு, பேட்டரி சார்ஜர்ல மைனஸைச் சாமானுக்குக் குடு, பிளஸ்ஸை ஒரு பழைய இரும்புத் துண்டுக்குக் குடு. எவர்சில்வர் தட்டு சும்மா கெடக்குதுன்னு அதைய பிளஸ்ல மாட்டாதே. அதுல இருந்து குரோமியம் விஷம் எறங்கும், ஊத்தறதுக்கு எடமிருக்காது. வெட்ட வெளியில வெய்யி, பக்கத்துல பீடி பத்த வெக்காதே, ஹைட்ரஜன் வரும்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வந்துட்டோம், தூங்கிராதே. பெட்டுத் தேய்மானம்.

சக்குக்குப் பக்கத்துல ஒரு அடி எடத்தை நகத்தால வருடிப் பாரு. சாடில் ஓடாத ஓரத்துக்கும் ஓடின எடத்துக்கும் நடுவுல ஒரு மேடு தட்டுப்படும். டெயில் ஸ்டாக்குக் கோடியில போயித் தொட்டுப் பாரு. அங்க செஞ்சன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கும். நூத்துக்குத் தொண்ணூறு வேலை சக்கு ஓரத்துலதானே நடக்குது. அடுத்து, சாடில்ல ஜிப்பை சக்குப் பக்கம் ஆட்டமில்லாம இறுக்கி, அப்படியே டெயில் பக்கம் தள்ளு. பாதி வழியில சிக்கி நின்னா, எங்க நிக்குதோ அங்க வரைக்கும் பழைய மொதலாளி பொழப்பு ஓடிருக்குதுன்னு கணக்கு. அரையடிக்குள்ளயே அத்தனை தேய்மானமும் இருந்தா புஷ்ஷும் பிளேட்டுமாக் கடைஞ்சுருக்கறான். ரெண்டு ரெண்டரை அடி வரைக்கும் போச்சுன்னா ஷாஃப்ட்டு வேலை. லீட் ஸ்க்ரூவையும் பாரு. அதுவும் அதே எடத்துலதான் தேஞ்சுருக்கும்.

உடனே "பெட்டை கிரைண்டிங் குடுத்துரலாமா மாமா?"ம்பே. காசு இருந்தாக் குடு, கிரைண்டிங்காரரும் புள்ளைக்குட்டிக்காரரு. ஆனா பெட்டுல இருந்து எடுத்தது எவ்வளவோ அவ்வளவும் சாடில் கீழ எறங்கும். கூடவே ஏப்ரனும் எறங்கும், ஆஃப் நட்டு லீட் ஸ்க்ரூவோட நேர் பொருந்தாது, ரேக்கு மேல பினியன் வேற மாதிரி உக்காரும். அப்பறம் சாடிலுக்கு அடியில டர்சைட் பிளாஸ்டிக் பட்டைய ஒட்டி உசத்தோணும், புளூ தடவிச் சுரண்டி நேர் பண்ணோணும். ஒண்ணைத் தொட்டா வரிசையா ஆறைத் தொடோணும். அதுக்கு முன்னால ஒரு கணக்கைப் போட்டுப் பாரு, நீதான் படிச்சவனாச்சே. சக்குல 50 மில்லி ராடு, டூலு சென்டர் உசரத்துல இருக்குது. பெட்டு தேஞ்சு டூலு 0.1 மில்லி கீழ எறங்குது. விட்டத்துல எவ்வளவு வித்தியாசம் வரும்? 0.0004 மில்லி. உன்ற மைக்ரோமீட்டரு அதைய என்னைக்கும் பாக்கப் போறதில்லே. அதே 0.1 மில்லி டூலு உன்ற பக்கமா வெளிய தள்ளிப் போச்சுன்னா, விட்டம் 0.2 மில்லி பெருத்துப் போச்சு, வேலை குப்பைக்குப் போச்சு. முன் பக்கத்து வீ வழி ஒரு பக்கமாத் தேஞ்சு சாடில் சாஞ்சாத்தான் ரெண்டாவது வர்றது. எந்தத் தேய்மானம் சும்மா கெடக்குது, எது வேலையைக் கெடுக்குதுன்னு பிரிச்சுப் பாக்காம, பெட்டுல குழி இருக்குதுன்னு அழுதுட்டு வர்றவங்களை நான் நெம்பப் பாத்துருக்கறேன். கணபதியில தேஞ்ச மெஷினை வெச்சுட்டே பேரிங்கு சீட்டுக் கடைஞ்சு குடுத்த டர்னருக இருக்கறாங்க. எந்த எடத்துல எத்தனை பாயிண்ட் தள்ளிப் போகும்னு அவங்களுக்குத் தெரியும், கை அங்க வர்றப்பத் தானா டயலைத் தொட்டுரும். மெஷினைப் புதுசாக்கறது ஒரு சோலி. மெஷினு எவ்வளவு பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கறது இன்னொரு சோலி. ரெண்டாவதுக்குச் செலவு கம்மி, அதனாலதான் ஆருமே செய்யறதில்லே.

சுரண்டறதுக்கு முன்னால நிறுத்தறதைச் சரியாப் பண்ணு. ஒரு கால் குட்டையான கயித்துக் கட்டலாட்டம் ஒரு மூலை தரையில படாம இருந்தாப் பெட்டு முறுக்கிக்கும். வார்ப்பிரும்பு வளையாதுன்னு நெனைக்காதே, நல்லா வளையும். நல்ல ரசமட்டம் ஒண்ணை எரவல் வாங்கி ரெண்டு கோடியிலயும் குறுக்கால வெச்சுப் பாரு. அதுக்கும் மேல, தடிச்ச ராடை சக்குல மட்டும் புடிச்சு, டெயில் சென்டரு இல்லாம, ரெண்டு கோடியில மட்டும் காலர் விட்டு, ஒரே வெட்டுல மெல்லிசாக் கடைஞ்சு ரெண்டையும் அளந்து பாரு. அளவு மாறுச்சுன்னா டெயில் பக்கத்துக் காலுல போல்ட்டை ஒரு முறுக்கு ஏத்தியோ எறக்கியோ மறுபடி வெட்டு. பல பேரு பெட்டுத் தேய்மானம்னு நெனச்சது அந்தப் போல்ட்டுலயே சரியாயிரும்.

மோட்டாரு மூணு ஃபேஸு, உன்ற ஊட்டுல ஒத்தை ஃபேஸு. அதுக்கு டிரைவ் வாங்கிக்கோ, அது உன்ற படிப்பு, நான் பேசலே. ஆனா மெஷினு முன்னால நிக்கறப்ப வேட்டியும், துண்டும், முழுக்கைச் சட்டையும், மோதிரமும் வேண்டாம், கை உறையும் வேண்டாம். சக்குச் சாவிய சக்குலயே உட்டுட்டுச் சுவிட்சுப் போடாதே. சுருளைக் கையில இழுக்காதே, கொக்கி வெச்சு இழு. இதுல மட்டும் நான் வெளையாடலே.

இனி 127. மெஷினு இஞ்சு ஸ்க்ரூ, நீ வெட்டப் போறது மில்லி மரை. ஒரு இஞ்சு 25.4 மில்லி. அதைய முழுசா ஆக்கோணும்னா அஞ்சால பெருக்கோணும், 127. அது வகுபடாத எண்ணு, ஆகவே 127 பல்லு வீலு ஒண்ணு இல்லாம அச்சரம் பிசகாம மில்லி மரை வராது. 63 பல்லை வெச்சு ஒப்பேத்தறவங்களும் இருக்கறாங்க. உன்ற சாக்குல 127 இல்லே. 20 டி.பி.ல அது 6.45 இஞ்சு விட்டம், கண்ணுக்குத் தப்பாது, பழைய இரும்புக் கடையில மொதல்ல காணாமப் போறதும் அதுதான். இன்னொண்ணு, மில்லி மரை வெட்டறப்ப ஆஃப் நட்டைத் தொறக்கவே கூடாது, அந்தக் கடியாரம் உதவாது. டூலை வெளிய இழுத்து, மெஷினையே பின்னால ஓட்டித்தான் ஆரம்பத்துக்குத் திரும்போணும். மூக்கு மரையில மாட்டின சக்கு, பின்னால வேகமா ஓட்டினாக் கழண்டு உன்ற முழங்காலைப் பாத்து வரும். மெதுவா ஓட்டு, நின்னதுக்கப்பறம் திருப்பு.

127 எங்க கெடைக்குமா? என்ற அட்டாலியில ஒண்ணு இருக்குது, எண்ணெய்த் துணியில சுத்தி. 20 டி.பி.யேதான். தர மாட்டேன்னு சொல்லலே. உன்கிட்டக் காசா வாங்கப் போறேன், உன்ற அம்மா என்னையப் பந்தியில உக்கார விடுவாளா. அந்தக் கோளாறான நாலு ஜா சக்கு சும்மாதானே கெடக்குது, அதைத் தூக்கி என்ற வண்டியில போட்டுரு. ஊட்டுல எடமாவது மிச்சமாகும். வெளிவிட்டம் கோணலா இருக்கற பம்பு வார்ப்பு ஒண்ணு ரொம்ப நாளாக் கெடக்குது, அதைய ஒவ்வொரு ஜாவையும் தனித்தனியா நகத்தி, டயல் கேஜ் வெச்சு நடுவுக்குக் கொண்டு வந்து...

என்ன முழிக்கறே? தனித்தனியா நகர்றதுதான் அதோட வேலையான்னு கேக்கறயா? அட, வெவரம் வந்துருச்சே. சரி போ, சக்கு உன்கிட்டயே இருக்கட்டும். வீலை வாடகைக்குத் தர்றேன். மாசத்துக்கு ஒரு கிலோ நல்லெண்ணெய், செக்குல ஆட்டினது. அட்டாலிக்கு ஏணிய எடுத்துட்டு வா, என்ற முழங்கால் ஏறாது.